எந்த மாநிலத்தில் டீசல் போடுவது? ஜிஎஸ்டி கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

ஜிஎஸ்டி கவுன்சிலின் தலைவரான ஒன்றிய நிதியமைச்சர் அவர்களுக்கும், உறுப்பினர்களான மாநில நிதியமைச்சர்கள் அனைவருக்கும்,

2025 செப்டம்பர் 3 அன்று கூடிய உங்கள் 56வது கூட்டத்தில் லாரிக்கான வரியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைத்தீர்கள். டயருக்கும் அப்படியே குறைத்தீர்கள். அது எங்களுக்குப் பயன்பட்ட முடிவு, மறுக்கவில்லை. ஆனால் லாரி என்பது கடன் வாங்கிப் பல வருடங்களுக்கு ஒருமுறை வாங்கும் பொருள். டயர் தேய்ந்தால்தான் மாற்றுகிறோம். டீசலை வண்டி உருளும் ஒவ்வொரு நாளும் வாங்குகிறோம். எங்கள் வாடகையில் பெரும்பங்கைத் தின்னும் அந்த டீசலைப் பற்றி அன்றும் ஒரு முடிவு வரவில்லை. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்த நாளிலிருந்து டீசல் அதற்கு வெளியேதான் இருக்கிறது, மாநிலங்கள் தனித்தனியாக வரி போடுகின்றன. இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

நான் நாமக்கல் மாவட்டத்துக்காரன். ஸ்டீயரிங் பிடித்து, சேர்த்து வைத்து, தவணையில் வண்டி எடுத்து உரிமையாளர் ஆனவன். எங்கள் பக்கத்தில் என்னைப் போன்றவர்கள்தான் அதிகம். ஒரு வண்டி, இரண்டு வண்டி, மாதம் பிறந்தால் பைனான்ஸ்காரருக்குக் கட்டவேண்டிய தொகை. நாங்கள் டீசல் எங்கே போடுகிறோம், ஏன் அங்கே போடுகிறோம் என்பதை உங்களில் யாரும் அருகிலிருந்து பார்த்திருக்க வாய்ப்பில்லை. அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி மும்பைக்குப் புறப்படுகிறது வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். தார்ப்பாய் கட்டி முடித்ததும் டிரைவர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, எவ்வளவு போட்டுக்கொள்ளட்டும்?" என்பதுதான். ஓசூரைத் தாண்டி எல்லை கடக்கப் போதுமான அளவு மட்டும் உள்ளூரில் போடுவோம். அத்திப்பள்ளி தாண்டிக் கர்நாடகத்துக்குள் போனதும் டேங்க்கை நிரப்புவோம். 2024, 2025இல் கர்நாடகம் வரியை ஏற்றும்வரை, அந்த மாநிலத்தின் எல்லையோர ஊரான நிப்பாணியில் மறுபடியும் விளிம்புவரை நிரப்புவோம். மும்பை போய்ச் சரக்கை இறக்கி, ரிட்டன் லோடு ஏற்றி, திரும்ப நிப்பாணிக்கு வந்து சேரும்வரை மகாராஷ்டிரத்தில் ஒரு சொட்டும் போடாமல் அந்த டேங்க் தாங்க வேண்டியிருந்தது. நாக்பூர் லோடு என்றால் பெங்களூருக்கு வடக்கே பாகேபள்ளிதான் கணக்கு. அதற்கு அப்பால் ஆந்திரம், பிறகு தெலங்கானா, இரண்டிலும் விலை கூடுதல். இரண்டையும் ஒரே டேங்க்கில் கடந்துவிட முடியுமா என்று பார்ப்போம். கேரளத்துக்குப் போகும் வண்டி வாளையாறுக்கு முன்பே கோவையில் நிரப்பிக்கொள்ளும். கொல்கத்தா வண்டி கும்மிடிப்பூண்டியில் நிரப்பிக்கொண்டு ஆந்திரக் கடற்கரை முழுவதையும் அதிலேயே ஓடப் பார்க்கும்.

இத்தனை கணக்கும் எதற்காக? எண்ணெய் நிறுவனங்களின் அடிப்படை விலையில் ஊருக்கு ஊர் பெரிய வேறுபாடு இல்லை, கொண்டுவரும் கூலியில்தான் கொஞ்சம் கூடும் குறையும். ஒன்றிய அரசின் கலால் வரி நாடு முழுவதும் ஒன்றுதான். மிச்சம் இருப்பது மாநில வரி. தமிழ்நாட்டில் 2020 மே மாதம் முதல் டீசலுக்கு 11 சதவீதமும் அதோடு லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும். ஆந்திரத்தில் 22.25 சதவீதம், அதன்மேல் லிட்டருக்கு 4 ரூபாய், அதற்கும் மேல் சாலை மேம்பாட்டுக்கென்று 1 ரூபாய். தெலங்கானாவில் 27 சதவீதம். கேரளம் 2023 ஏப்ரலில் சமூகப் பாதுகாப்புக்கென்று லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதலாகச் சேர்த்தது. புதுச்சேரியில் எங்களைவிட வெகுவாகக் குறைவு. இந்தச் சதவீதங்கள் கலால் வரியும் சேர்ந்த விலையின் மீது போடப்படுபவை என்பதால் வரிக்கும் வரி கட்டுகிறோம்.

லிட்டருக்கு ஐந்து ரூபாய் வித்தியாசம் என்றால் 300 லிட்டருக்கு 1,500 ரூபாய். நிறையப் பணமா என்று உங்களுக்குத் தோன்றலாம். சில லோடுகளில் டீசல், டோல், பேட்டா, ஏற்று கூலி இறக்கு கூலி எல்லாம் போக எங்கள் கையில் நிற்பதே அவ்வளவுதான். அந்த 1,500 ரூபாயை விட்டுவிட்டு ஓடும் வசதி எங்களுக்கு இல்லை.

ஆனால் அதைப் பிடிக்க நாங்கள் கொடுக்கும் விலை எந்தப் புள்ளிவிவரத்திலும் வருவதில்லை. என் டிரைவர் ஒருவர் இப்படித்தான் எல்லை தாண்டிப் போட்டுக்கொள்ளலாம் என்று அளவாக டீசலோடு போனார். வழக்கமான நாளாக இருந்தால் போதுமான அளவுதான். அன்றைக்குச் சூளகிரிப் பக்கம் விபத்து. வண்டிகள் மணிக்கணக்கில் ஊர்ந்தன. நிறுத்தி நிறுத்தி எடுத்ததில் டேங்க் அடியைத் தொட்டு, ஏற்றத்தில் இன்ஜின் காற்றை இழுத்து நின்றுவிட்டது. டீசல் வண்டியில் ஏர் பிடித்துவிட்டால் கேனில் வாங்கி ஊற்றினால் மட்டும் போதாது. கேபினைத் தூக்கி, ஃபில்டர் மேலுள்ள கை பம்பை அழுத்தி அழுத்தி, திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். முதலில் நுரையாகத்தான் வரும். அந்த நுரை அடங்கித் தெளிந்த டீசல் வரும்வரை விரல் மரத்துப்போகும்படி பம்பை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பின்னால் ஹாரன் அடிக்கும் வண்டிகள், முன்னால் கையைக் காட்டித் திட்டும் போலீஸ்காரர், இதற்கு நடுவில் அவர் அதைச் செய்தார். கடைசியில் மெக்கானிக்கும் வந்தார். மெக்கானிக்குக் கூலி, தாமதத்துக்காகச் சரக்குக்காரர் பிடித்த தொகை, எல்லாம் சேர்த்தால் அந்த டேங்க்கில் மிச்சம் பிடிக்க நினைத்ததைவிட அதிகம்.

டேங்க்கை நிரப்பிக்கொண்டு ஓடுவதிலும் சங்கடம் உண்டு. 400 லிட்டர் டீசலின் எடை 330 கிலோவுக்கு மேல் வரும். அனுமதிக்கப்பட்ட மொத்த எடையில் அதுவும் சேர்த்தி. அந்த அளவுக்குச் சரக்கைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் எடை மேடையில் அபராதம். இரவில் நிறுத்திய இடத்தில் நிறைந்த டேங்க்கைத் தேடி வருகிறவர்களும் இருக்கிறார்கள். டிரைவர் தூங்காமல் டேங்க்குக்குக் காவல் இருந்துவிட்டு விடிந்ததும் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறார். அந்த நெடுஞ்சாலையில் உங்கள் வீட்டுக் காரும்தான் போகிறது.

இன்னொன்று. வேறு வழியில்லாமல் விலை கூடுதலான மாநிலத்தில் 50 லிட்டர் போட்ட டிரைவர், ஊர் திரும்பிக் கணக்கு ஒப்படைக்கும்போது குற்றம் செய்தவர்போல் நிற்கிறார். "ஏன் அங்கே போட்டாய்?" என்று முதலாளி கேட்கிறார். ஒரே தட்டில் சாப்பிட்ட இருவருக்கு இடையில் ரசீதை வைத்துச் சந்தேகம் முளைக்கிறது. நானும் அந்தப் பக்கம் நின்றவன், பிறகு இந்தப் பக்கம் உட்கார்ந்தவன். இரண்டு பக்கத்து வலியும் எனக்குத் தெரியும்.

எல்லோராலும் எல்லை பார்த்து நிரப்பவும் முடிவதில்லை. பெரிய நிறுவனங்களிடம் எண்ணெய் நிறுவனத்தின் கார்டு இருக்கிறது, எந்த ஊர் பங்கிலும் தேய்க்கலாம். எந்த வழியில் எங்கே நிரப்புவது என்று கணக்குப் பார்க்க அலுவலகத்தில் தனி ஆளே இருக்கிறார். ஒற்றை வண்டிக்காரருக்கு உள்ளூர் பங்கில் கடன் கணக்குதான் துணை. வாடகை பாக்கி வந்த பிறகு கட்டலாம் என்று பங்க் முதலாளி விட்டுவைக்கும் அந்தக் கடனை நம்பித்தான் வண்டி நகர்கிறது. அவருக்கு எல்லை தாண்டிக் குறைந்த விலைக்குப் போட ரொக்கம் இல்லை. ஆக, மாநில வரி வித்தியாசத்தின் பலன் வசதி உள்ளவருக்குப் போகிறது. இல்லாதவர் உள்ளூர் விலை கொடுத்துவிட்டு, அதே வாடகைக்குப் போட்டி போடுகிறார்.

ஏனாமையும் மாஹேயையும் சொல்லாமல் விட முடியாது. இரண்டும் புதுச்சேரியைச் சேர்ந்தவை. ஒன்று கோதாவரிக் கரையில் ஆந்திரத்தின் நடுவே இருக்கிறது, மற்றது மலபார்க் கரையில் கேரளத்தின் நடுவே. மாஹேயின் குறுகிய சாலையில் பங்குகளின் முன்னால் லாரிகள் வரிசை கட்டி நிற்பதைக் கேரளம் ஓடிய எந்த டிரைவரைக் கேட்டாலும் சொல்வார். ஏனாமுக்காகத் தேசிய நெடுஞ்சாலையை விட்டு விலகிப் போகிறவர்களும் உண்டு. லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் தரும் வண்டி 40 கிலோமீட்டர் சுற்றினால் பத்து லிட்டர் புகையாகிறது. நாடு டீசலை இறக்குமதிக் கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கிறது. அதை வரிக்காகச் சுற்றி எரிக்கிறோம்.

கர்நாடகத்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மௌனத்தின் விளைவு அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. 2024 ஜூன் நடுப்பகுதிவரை பெங்களூரில் டீசல் 86 ரூபாய்க்குள் இருந்தது, சென்னையில் 92 ரூபாய்க்கு மேல். ஆறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம். ஓசூர்ப் பக்கத்துப் பங்குகள் தமிழ்நாட்டு லாரிகளையே வாடிக்கையாளராக எண்ண முடியாமல் இருந்தன. ஜூன் 15 அன்று கர்நாடகம் டீசல் விற்பனை வரியை 14.3 சதவீதத்திலிருந்து 18.44 ஆக உயர்த்தியது. லிட்டருக்கு மூன்று ரூபாய்க்கு மேல் ஏறியது. 2025 ஏப்ரல் 1 அன்று மறுபடி 21.17 சதவீதம், இன்னும் இரண்டு ரூபாய். அந்த மாநில லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வித்தியாசம் அப்போது ஒன்றரை ரூபாய்ப் பக்கம் வந்து நின்றது. மாநிலங்களுக்கு இடையே விலை நெருங்குவது நல்லதுதான், ஆனால் அது குறைந்து நெருங்கவில்லை, ஏறி நெருங்கியது. அண்டை மாநிலம் அதிகம் வாங்குகிறதே, நாமும் அதுவரை போகலாம் என்பதுதான் இந்த ஏற்றத்துக்கு வசதியான வாதம். பொது ஏற்பாடு ஒன்று இல்லாதவரை இந்த வாதத்துக்கு எல்லை கிடையாது.

இரண்டு உயர்வும் முன்னறிவிப்புக்குப் போதுமான காலம் தராமல் வந்தன. நாங்கள் சரக்குக்காரரிடம் வாடகையை முன்கூட்டியே பேசி முடிக்கிறோம். பாதி வழியில் டீசல் ஏறினால் அந்த மூன்று ரூபாயை யாரும் எங்களுக்குத் திருப்பித் தருவதில்லை.

மாநில அரசுகளின் பக்கமும் எனக்குப் புரிகிறது. டீசல் வரிதான் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகும் பணம். தங்கள் கையில் மிச்சமிருக்கும் சில வரிகளில் இதுவும் ஒன்று என்ற கவலை நியாயமானது. 2021இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னதன் பேரில் இந்த விஷயம் உங்கள் முன் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 17 அன்று லக்னோவில் நடந்த 45வது கூட்டத்தில், இதற்கு இப்போது நேரமில்லை என்று முடித்தீர்கள். நேரம் எப்போது என்று சொல்லவில்லை. அரசியல் சாசனத்தின் 279ஏ பிரிவு, டீசல் உள்ளிட்ட ஐந்து பெட்ரோலியப் பொருள்களுக்கு எந்த நாள் முதல் ஜிஎஸ்டி விதிக்கலாம் என்று பரிந்துரைக்கும் பொறுப்பை உங்களிடம்தான் கொடுத்திருக்கிறது. நீங்கள் வாய் திறக்காமல் அந்த நாள் வராது.

வருவாய் கவலையைத் தீர்க்க வழி இல்லாமலும் இல்லை. அமெரிக்காவிலும் மாநிலத்துக்கு மாநிலம் டீசல் வரி வேறு. அங்கே லாரிக்காரர்களுக்கென்று பன்னாட்டு எரிபொருள் வரி ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் பெருநிலத்தின் 48 மாநிலங்களும் கனடாவின் 10 மாகாணங்களும் அதில் சேர்ந்திருக்கின்றன. மூன்று அச்சு அல்லது அதற்கு மேல் உள்ள வண்டி, இல்லையென்றால் 26,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள வண்டி, எந்த மாநிலத்தில் எத்தனை மைல் ஓடியது, எங்கே எவ்வளவு எண்ணெய் போட்டது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன் சொந்த மாநிலத்திடம் மட்டும் கணக்குக் கொடுக்கிறது. எண்ணெய் எங்கே வாங்கினாலும் வரி ஓடிய சாலைக்குத்தான் போகிறது. குறைவாகக் கட்டியிருந்தால் மிச்சத்தைக் கட்ட வேண்டும், கூடுதலாகக் கட்டியிருந்தால் திரும்பக் கிடைக்கும். மாநிலங்கள் தமக்குள் பிரித்துக்கொள்கின்றன.

இதன் பலனை ஒரு கணக்கில் காட்டுகிறேன். ஒரு மாநிலத்தில் பலகை விலை 100 ரூபாய், அதில் வரி 30. அடுத்த மாநிலத்தில் 96 ரூபாய், வரி 20. நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு 96 ரூபாய்க்குப் போவோம். அந்த ஒப்பந்தத்தின் கீழ் ஓடுகிறவர் 100 ரூபாய் பங்குக்குத்தான் போவார், ஏனென்றால் வரி நீங்கிய விலை அங்கே 70, இங்கே 76. வரியை எப்படியும் ஓடிய தூரத்துக்கே கட்டப்போகிறார். அந்த முறையில் வரிக்காக எல்லையைத் துரத்துவதால் எந்த லாபமும் இல்லை. எந்த மாநிலமும் தன் வருவாய் பக்கத்து மாநிலத்துப் பங்குக்குப் போய்விட்டது என்று சொல்லவும் முடியாது. ஏற்காடு அடிவாரத்திலிருந்து வாளையாறுவரை தமிழ்நாட்டுச் சாலையைத் தேய்த்த வண்டி அதற்கான வரியைத் தமிழ்நாட்டுக்கே கட்டும். கர்நாடகத்தில் நிரப்பிவிட்டு மும்பைச் சாலையைத் தேய்க்கும் என் வண்டி மகாராஷ்டிரத்துக்குக் கட்டும். நான் அதற்குத் தயார்.

நம் நாட்டுக்கு இது அந்நியமான யோசனையும் அல்ல. மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு ஏற்றி ஓட அனுமதிக்கும் நேஷனல் பெர்மிட்டுக்காக முன்பெல்லாம் மாநிலம் மாநிலமாக டிடி எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தோம். 2010இல் அது ஒரே தொகையாக மாறியது. முதலில் 15,000 ரூபாய், பிறகு 16,500. ஒரே இடத்தில் கட்டுகிறோம், மாநிலங்களுக்கு உரிய பங்கு போகிறது. எந்த மாநிலமும் அதனால் நொடித்துப்போகவில்லை. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கின் ஜிஎஸ்டியைச் சேரும் மாநிலத்துக்குப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாட்டை நீங்களே நடத்திக்கொண்டிருக்கிறீர்கள். என் வண்டி எந்த டோலை எத்தனை மணிக்குக் கடந்தது என்பது 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதிலிருந்து அரசின் கணினியில் இருக்கிறது. எந்தச் சரக்கை எங்கிருந்து எங்கே கொண்டுபோகிறேன் என்பது 2018 ஏப்ரல் முதல் இ-வே பில்லில் இருக்கிறது. எங்களைக் கண்காணிக்க இத்தனை கருவிகள் உண்டு. எங்களுக்கு நியாயமாக வரி பிரிக்க அவற்றை ஒருநாளும் பயன்படுத்தியதில்லை.

அப்படி ஒன்று வந்துவிட்டால் பங்கைத் தேர்ந்தெடுக்கும் காரணமே மாறிவிடும். அளவு சரியாக இருக்கிறதா, வண்டியை நிறுத்த வெளிச்சமான இடம் உண்டா, டிரைவர் குளிக்கத் தண்ணீரும் படுக்க நிழலும் கிடைக்குமா என்று பார்த்து நிரப்புவோம். பங்க்காரர்களும் அதற்காகப் போட்டி போடுவார்கள்.

அதனால் உங்களிடம் நான் கேட்பவை இவை.

டீசலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவரும் நாளை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் வையுங்கள். ஐந்து பொருளையும் சேர்த்துக் கொண்டுவர முடியாது என்றால் டீசலை மட்டும் முதலில் எடுங்கள். முடியாது என்பதுதான் முடிவென்றால், காரணத்தையும் எந்த ஆண்டு மறுபடி பார்ப்பீர்கள் என்பதையும் எழுத்தில் வெளியிடுங்கள். டீசலுக்குக் கட்டிய வரிக்கு உள்ளீட்டு வரவு, அதாவது கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் அதைக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடைக்காததால் அது அரிசி, பருப்பு, சிமெண்ட் எல்லாவற்றின் விலையிலும் ஏறி உட்காருகிறது என்பதையும் அப்போது கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாள் வரும்வரை, நேஷனல் பெர்மிட் வண்டிகளுக்கு ஓடிய தூரத்தின்படி மாநில வரியைப் பிரிக்கும் சோதனைத் திட்டம் ஒன்றைத் தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி ஆகியவற்றில் தொடங்கப் பரிந்துரை செய்யுங்கள். விரும்புகிறவர்கள் சேரட்டும். ஃபாஸ்டேக் பதிவையும் பங்க் ரசீதையும் வைத்துக் கணினியே கணக்குப் போடட்டும். ஒற்றை வண்டிக்காரர் அதற்காக ஆடிட்டரிடம் போய் நிற்கும்படி வைக்காதீர்கள். படிவம் தமிழிலும் அந்தந்த மாநில மொழியிலும் இருக்கட்டும்.

மாநில டீசல் வரியை மாற்றுவதாக இருந்தால் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு என்று எல்லா மாநிலங்களும் ஒப்புக்கொள்ளட்டும். பேசிய வாடகையை அதற்குள் திருத்திக்கொள்ள எங்களுக்கு அவகாசம் வேண்டும்.

பங்க் ரசீதில் அடிப்படை விலை, கலால் வரி, மாநில வரி, டீலர் கமிஷன் நான்கையும் தனித்தனியாக அச்சிடச் செய்யுங்கள். சாப்பாட்டுக் கடை பில்லில் வரியைத் தனியாகக் காட்ட முடிகிறது. 30,000 ரூபாய்க்கு டீசல் போடுகிறவனுக்கு அதைக் காட்ட முடியாதா?

இவற்றைப் பேசும் கூட்டத்துக்கு, சங்கத் தலைவர்களோடு சேர்த்து, வண்டி ஓட்டும் டிரைவர்கள் இரண்டு பேரையும் ஒற்றை வண்டி உரிமையாளர்கள் இரண்டு பேரையும் அழைத்து உட்கார வையுங்கள். கூப்பிட்டால் ரசீதுக் கட்டுகளோடு நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
நாமக்கல் மாவட்டத்து லாரி உரிமையாளர் ஒருவர்